லினக்ஸ் கெர்னலில் நினைவக மீட்புப் புள்ளிவிவரங்களுக்கு இடைமுகம் வடிவமைத்தல்: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் இயங்கும் கணினியில் காலி நினைவகம் குறையத் தொடங்கியதும், கையிலிருக்கும் பக்கங்களுள் (நினைவகத்தின் சிறு துண்டுகளுள்) எவற்றை விட்டுவிடலாம் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் தேடத் தொடங்குகிறது; இதுவே மீட்பு. கோப்புகளிலிருந்து படித்துவைத்த பக்கங்களை அப்படியே கைவிடுகிறது. ப்ராசஸ்களின் (ஓடும் நிரல்களின்) சொந்தப் பக்கங்களைப் பொதுவாக வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு எழுதிய பின் எடுத்துக்கொள்கிறது. இந்த வேலை நடப்பதை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க வழியில்லை. கெர்னல் வெளியிடும் எண்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்களைப் புதிதாகச் சேர்க்கவோ மாற்றியமைக்கவோ முனைபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கெர்னலில் நிரல் எழுதிப் பழக்கமும், பக்கம், ஸ்வாப், சிகுரூப் (ப்ராசஸ்களைக் குழுவாக்கி வரம்பிடும் வசதி) ஆகியவை பற்றிய அறிமுகமும் வாசகருக்கு உண்டு என்று கொள்கிறேன்.

இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றுதான். எத்தனை பக்கங்கள் மீட்கப்பட்டன என்பதை எண்ணுவது எளிது. அந்த மீட்புக்காகக் காத்திருந்தது யார் என்பதைப் பிரித்துக் காட்டும் எண்ணிகளை வகுப்பதுதான் கடினம்; அந்தப் பிரிவினையை முதலிலேயே சரியாகச் செய்யாவிட்டால், ஒரு முறை வெளியான பெயரின் பொருளைப் பின்னர் மாற்றுவது பெரும்பாடாகிவிடும்.

முதல் படி: எந்த முடிவுக்கு இந்த எண் தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள்

மீட்புப் புள்ளிவிவரங்களைப் படிப்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். சர்வர்களைப் பராமரிப்பவர் நேற்றிரவு ஏன் சேவை மந்தமானது என்று பின்னோக்கிப் பார்க்கிறார். சிஸ்டம்டி-ஊம்டி, ஆண்ட்ராய்டின் எல்எம்கேடி போன்ற பின்னணி நிரல்கள் எந்த ப்ராசஸை எப்போது நிறுத்துவது என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கின்றன. கெர்னலைச் செம்மைப்படுத்துபவரோ தம் திருத்தத்தால் தேடலின் திறன் கூடியதா குறைந்ததா என்று அறிய விரும்புகிறார். மூவருக்கும் ஒரே எண் போதாது.

கேள்வியைத் தெளிவாக்காமல் எண்ணை வெளியிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விஎம்பிரஷர் நல்ல சான்று. 2013-இல் 3.10 பதிப்பில், பழைய சிகுரூப் அமைப்புக்காக வந்த இந்த வசதி, நினைவக நெருக்கடியைக் குறைவு, நடுத்தரம், கடும் என மூன்று நிலைகளாக அறிவித்தது. 512 பக்கங்களைத் தேடி முடிக்கும் ஒவ்வொரு முறையும், அவற்றுள் எத்தனை மீட்க முடியாமல் போயின என்ற விகிதத்தைக் கணக்கிட்டு, அது 60 விழுக்காட்டை எட்டினால் நடுத்தரம், 95-ஐ எட்டினால் கடும் என்று தீர்மானித்தது. மீட்பு எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதை இந்த விகிதம் சொல்லும். பயன்பாடுகள் எவ்வளவு நேரம் முடங்கின என்பதைச் சொல்லாது. வேகமான எஸ்எஸ்டி ஸ்வாப் உள்ள கணினியும் பழைய வன்தட்டு உள்ள கணினியும் ஒரே விகிதத்தைக் காட்டிக்கொண்டே முற்றிலும் வேறுபட்ட வேதனையில் இருக்க முடியும். 2018 இறுதியில் 4.20 பதிப்பில் வந்த பிஎஸ்ஐ இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. நினைவகம் இல்லாமையால் வேலைகள் நின்றுபோன நேரத்தையே அது அளக்கிறது. ஒரு வேலையாவது நின்ற நேரம் ஒரு வரியிலும், எல்லா வேலைகளும் ஒருசேர நின்ற நேரம் மற்றொரு வரியிலும் வருகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி: உங்கள் கேள்வி 'எவ்வளவு வலித்தது' என்பதாக இருந்தால் புதிய எண்ணி தேவையில்லை, பிஎஸ்ஐ இருக்கிறது. 'ஏன் வலித்தது' என்பதாக இருந்தால் மட்டும் மேலே தொடருங்கள்.

இரண்டாம் படி: எதை எண்ணுகிறோம் என்று வரையறுங்கள்

மீட்பின் பாதையில் குறைந்தது மூன்று இடங்களில் எண்ண முடியும். எவை அண்மையில் பயன்பட்டன என்று வரிசைப்படுத்தும் எல்ஆர்யு பட்டியலிலிருந்து பக்கத்தை எடுத்து ஆராயும்போது எண்ணுவது தேடல். கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவின் விஎம்ஸ்டாட் கோப்பில் இது பிஜிஸ்கேன் என்ற முன்னொட்டுடன் வருகிறது. ஆராய்ந்த பக்கம் உண்மையில் விடுவிக்கப்பட்டால் அது பிஜிஸ்டீல். விடுவித்த பக்கமே மறுபடியும் தேவைப்பட்டுத் திரும்ப ஏற்றப்பட்டால் அது வொர்க்கிங்செட்_ரீஃபால்ட். மூன்றாவது எண் இல்லாமல் முதலிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஒரே ஒரு முறை படிக்கப்பட்ட பெரிய கோப்பின் பக்கங்களைக் கோடிக்கணக்கில் மீட்பதால் யாருக்கும் நட்டமில்லை. சில ஆயிரம் பக்கங்களை எடுத்த மறுநொடியே அவை திரும்ப வந்தால் அது நெருக்கடி.

வரையறையில் விளிம்புநிலைகளையும் கவனிக்க வேண்டும். வேகமான நினைவகத்திலிருந்து மெதுவான நினைவகத்துக்குப் பக்கங்களை இடம்பெயர்க்கும் வசதி 5.15-இல் வந்தபோது, அப்படிப் பெயர்த்த பக்கங்களும் மீட்கப்பட்டவையாகவே கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணுவைப் (நினைவகத் தொகுதியைப்) பொறுத்தவரை இடம் காலியானது உண்மைதான். ஆனால் கணினி முழுமைக்கும் ஒரு பைட் கூட மிச்சமாகவில்லை. பிஜிடீமோட் என்ற தனி எண்ணிகளும் உடன் இருப்பதால்தான் இந்த இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. அலகைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுங்கள். 2 எம்பி பெரும்பக்கம் ஒன்று 4 கேபி அளவுள்ள 512 பக்கங்களுக்குச் சமம். தேடும்போது அதை 1 என்றும் விடுவிக்கும்போது 512 என்றும் எண்ணினால், மீட்புத் திறன் நூறு விழுக்காட்டைத் தாண்டிப் போகும் விசித்திரத்தைப் பயனர் காண நேரும்.

மூன்றாம் படி: யார் மீட்டார்கள் என்று பிரியுங்கள்

வடிவமைப்பின் உயிர்நாடி இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பேசலாம்.

கணுவின் உட்பிரிவான ஒவ்வொரு நினைவக மண்டலத்துக்கும் மின் (குறைந்தபட்சம்), லோ, ஹை என்று மூன்று வாட்டர்மார்க்குகள், அதாவது காலிப் பக்கங்களுக்கான எல்லை அளவுகள், உள்ளன. காலிப் பக்கங்கள் லோ அளவுக்குக் கீழே போனதும் கேஸ்வாப்டி என்ற கெர்னல் திரெட் விழித்து, ஹை அளவை எட்டும்வரை பின்னணியில் மீட்கிறது. இதற்காக எந்தப் பயன்பாடும் நிற்பதில்லை. கேஸ்வாப்டியால் ஈடுகொடுக்க முடியாமல் மின் அளவுக்கும் கீழே போனால், நினைவகம் கேட்டு வந்த ப்ராசஸே தன் வேலையை நிறுத்திவிட்டுத் தானே பக்கங்களைத் தேட வேண்டும். இது நேரடி மீட்பு. பக்கங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பின்னதில் ஒரு பயனரின் கோரிக்கை காத்துக்கிடக்கிறது. பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி, பிஜிஸ்கேன்_டைரக்ட் என்று இரண்டு எண்ணிகள் இருப்பதற்குக் காரணம் இதுவே.

காலப்போக்கில் மீட்பவர்களின் எண்ணிக்கை கூடியது. பெரும்பக்கங்களைத் திரட்டும் கேஹியூஜ்பேஜ்டி என்ற பின்னணித் திரெட், தனக்கு நினைவகம் தேவைப்பட்டபோது நேரடி மீட்புப் பாதையில் நுழைந்தது. அதனால் பிஜிஸ்கேன்_டைரக்ட் உயர்ந்தது, பயன்பாடு எதுவும் காத்திருக்காத போதும். 2022-இல் 5.19 பதிப்பு மெமரி.ரீக்ளெய்ம் கோப்பைக் கொண்டுவந்தது. அதில் ஓர் அளவை எழுதினால் அந்த சிகுரூப்பிலிருந்து அவ்வளவு நினைவகத்தை கெர்னல் மீட்க முயலும். கேட்ட அளவு கிடைக்காவிட்டால் எழுதியவருக்கு ஈஅகெய்ன் பிழை திரும்பும். நெருக்கடி வருவதற்கு முன்பே பராமரிப்பு நிரல் சாவகாசமாகச் செய்யும் வேலை இது. ஆனாலும் முதலில் இதுவும் நேரடி மீட்பின் கணக்கிலேயே விழுந்தது. நேரடி மீட்பு உயர்ந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும்படி அமைத்திருந்தவர்களுக்கு, நினைவகத்தை நன்றாகப் பராமரித்ததற்கே எச்சரிக்கை வந்துசேரும் நிலை. இரண்டு வகைகளுக்கும் பின்னர் தனித்தனி எண்ணிகள் பிரிக்கப்பட்டன.

எனவே புதிய மீட்புப் பாதை ஒன்றைச் சேர்க்கும்போது, அந்தப் பாதையை அழைப்பவர் காத்திருக்கிறாரா, அவருடைய காத்திருப்பு எந்தப் பயன்பாட்டையாவது தொடுகிறதா என்று கேளுங்கள். விடை ஏற்கெனவே உள்ள எண்ணியின் பொருளோடு ஒத்துப்போகாவிட்டால், முதல் நாளிலேயே தனி எண்ணி கொடுங்கள். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிரிக்கும் நாளில் பழைய எண்ணியின் மதிப்பு திடீரென வீழ்ந்து, வரைபடத்தைப் பார்ப்பவர்கள் கணினி குணமாகிவிட்டதாக எண்ணுவார்கள்.

யார் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு: எந்த வரம்பினால் மீட்பு தூண்டப்பட்டது என்பது. ஒரு கன்டெய்னர் தன் சிகுரூப் வரம்பைத் தொட்டால், கணினி முழுவதும் நினைவகம் தாராளமாக இருந்தாலும், அந்தக் குழுவுக்குள் மட்டும் மீட்பு நடக்கும். அத்தகைய தேடலை விஎம்ஸ்டாட்டின் பிஜிஸ்கேன்_டைரக்ட் நெடுங்காலம் எண்ணவில்லை. அது அந்தக் குழுவின் மெமரி.ஸ்டாட் கோப்பில் மட்டுமே பதிவானது. ஆனால் 5.8-இல் வந்த பிஜிஸ்கேன்_அனான் (ப்ராசஸ்களின் சொந்தப் பக்கங்கள்), பிஜிஸ்கேன்_ஃபைல் (கோப்புப் பக்கங்கள்) ஆகிய இரண்டும் குழு வரம்பு மீட்பையும் சேர்த்தே எண்ணின. ஒரே கோப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் விடை பொருந்தாததன் காரணம் இதுதான். கன்டெய்னர்கள் நிறைந்த சர்வரில் விஎம்ஸ்டாட்டை மட்டும் பார்த்து 'நேரடி மீட்பே இல்லை' என்று சொல்பவர், கெர்னலின் வரையறைப்படி சரியாகவும் நடைமுறையில் தவறாகவும் சொல்கிறார். உங்கள் வடிவமைப்பில் ஒவ்வொரு எண்ணியும் கணினி அளவிலான மீட்பை மட்டும் எண்ணுகிறதா, குழு அளவிலானதையும் சேர்க்கிறதா என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிவைத்து, ஒரே முன்னொட்டுள்ள எல்லா எண்ணிகளும் அதே விதியைப் பின்பற்றுமாறு செய்யுங்கள்.

நான்காம் படி: எண்ணின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும் கூட்டெண்ணியைக் கொடுங்கள். வேகத்தையோ சராசரியையோ கெர்னலில் கணக்கிட வேண்டாம். வீட்டு மின்கணக்கு மீட்டர் வேலை செய்வதும் இப்படித்தான்: கணக்கெடுப்பவர் வரும் நாள் எதுவானாலும், முந்தைய அளவைக் கழித்தால் இடைப்பட்ட பயன்பாடு சரியாக வந்துவிடும். படித்தவுடன் சுழியத்துக்குத் திரும்பும் எண்ணியாக இருந்தால் இரண்டு கண்காணிப்பு நிரல்கள் ஒன்றின் கணக்கை மற்றொன்று கெடுக்கும். பிஎஸ்ஐ 10, 60, 300 விநாடிச் சராசரிகளைத் தருகிறதே என்று கேட்கலாம். அது மனிதர் கண்ணுக்கான வசதி, கூடவே மைக்ரோ விநாடிகளில் மொத்தக் கூட்டையும் தருவதால் யாருக்கும் இழப்பில்லை.

32 பிட் கெர்னலில் இந்த எண்ணிகள் 2-இன் 32-ஆம் அடுக்கை எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 4 கேபி பக்கங்களில் அது 16 டிபி அளவு தேடலுக்குச் சமம். நெடுநாள் ஓடும் கருவியில் எட்டக்கூடிய தொலைவுதான். குறியற்ற எண்களாகக் கழித்தால் சிக்கலில்லை என்பதை ஆவணத்தில் குறிப்பிடுங்கள்.

அலகு பெயரோடு பொருந்த வேண்டும். பிஜிபிஜிஇன், பிஜிபிஜிஅவுட் என்ற பழைய எண்ணிகளின் பெயரில் பக்கம் இருக்கிறது. கெர்னல் உள்ளே எண்ணுவது வட்டின் செக்டர்களை. வெளியே அச்சிடும்போது இரண்டால் வகுத்துக் கிலோபைட்டாகத் தருகிறது. இதைப் பக்கங்கள் என்று கொண்டு நான்கால் பெருக்குபவர்கள் இன்றும் இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: எந்த இடத்தில் வைப்பது

கணினி முழுமைக்குமான எண்ணிகளுக்கு விஎம்ஸ்டாட், குழுக்களுக்கு மெமரி.ஸ்டாட். குழுவுக்கு நேர்ந்த நிகழ்வுகளுக்கு மெமரி.ஈவென்ட்ஸ், அதன் மதிப்பு மாறும்போது காத்திருக்கும் நிரலுக்கு அறிவிப்பும் போகும் என்பதால், நொடிக்கு நொடி படித்துப் பார்க்கத் தேவையில்லை. கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்ற விதி உண்டு. அமைப்புகளை மாற்ற அது வசதி, முப்பது எண்ணிகளைப் படிக்க வசதியன்று. கணுவாரியான விஎம்ஸ்டாட் கோப்பு சிஸ்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருந்துகொண்டு அந்த விதியை மீறுவது தனிக் கதை.

இன்னும் உறுதிப்படாத உள் விவரங்களுக்குப் பிழைதிருத்தத்துக்கான டீபக்எஃப்எஸ் அடைவு ஏற்றது. 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் வந்த, பக்கங்களை வயதுவாரியாகத் தலைமுறைகளாகப் பிரிக்கும் மல்ட்டி-ஜென் எல்ஆர்யு தன் தலைமுறைவாரியான பக்கக் கணக்கை அங்கேதான் வைத்தது; இயக்கு, நிறுத்து போன்ற நிலையான அமைப்புகளை மட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் வைத்தது. பின்பற்றத்தக்க பிரிவினை. ஒரு தனி மீட்பு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது போன்ற நிகழ்வுவாரி விவரங்களுக்கு ஏற்கெனவே விஎம்ஸ்கேன் டிரேஸ்பாயின்ட்டுகள் (நிகழ்வுகளைப் பதிய நிரலில் வைத்த இடங்கள்) இருக்கின்றன. நேரடி மீட்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொன்று உள்ளதால், கெர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் நிரல் ஒன்றால் காலப் பரவலை வரைந்துவிடலாம். ஆனால் டிரேஸ்பாயின்ட்டுகளை விரும்பியபடி மாற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது: மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவி அவற்றின் அமைப்பை நம்பியிருந்ததால், 2011 வாக்கில் ஒரு பயனற்ற புலத்தை நீக்குவதே சர்ச்சையாகிப் போனது.

ஆறாம் படி: உள்விவரமா, விடையா

காலியான நினைவகத்தோடு கேஷ் (கோப்புப் பக்கங்கள்) அளவைக் கூட்டி, இவ்வளவு கிடைக்கும் என்று பல நிரல்கள் கணக்குப் போட்டுவந்தன. கேஷில் டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்புகள்) பக்கங்களும் அடக்கம், அவற்றை அப்படியே கைவிட முடியாது என்பதால் அந்தக் கணக்கு பிழையானது. 2014-இல் 3.14 பதிப்பு மெம்இன்ஃபோ கோப்பில் மெம்அவைலபிள் என்ற வரியைச் சேர்த்து, ஸ்வாப்பை நாடாமல் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டைக் கெர்னலே சொல்லிவிட்டது. பின்னாளில் மீட்பின் உள்ளமைப்பு மாறும்போது கணக்கீட்டையும் கெர்னலுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். வெளியே வரியின் பொருள் மாறாது.

உள்ளமைப்பைப் பெயரில் ஏற்றினால் நேர்வது இதற்கு எதிர். 2016-இல் 4.8 பதிப்பு எல்ஆர்யு பட்டியல்களை மண்டலவாரியிலிருந்து கணுவாரிக்கு மாற்றியபோது, பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி_நார்மல் போன்ற மண்டலப் பெயர்கள் கொண்ட வரிகள் மறைந்தே போயின. 5.9-இல் வொர்க்கிங்செட்_ரீஃபால்ட் அனான், ஃபைல் என இரண்டாகப் பிரிந்தபோது பழைய ஒற்றைப் பெயர் நீங்கியது. இரண்டிலும் மொத்தக் கூட்டைப் பழைய பெயரிலோ பொதுப் பெயரிலோ விட்டுவைத்திருந்தால் எந்தக் கருவியும் உடைந்திருக்காது.

பெயர் முன்னொட்டிலும் ஒரு பொறி உண்டு. பிஜிஸ்டீல் என்று தொடங்கும் எல்லா வரிகளையும் கூட்டி மொத்தம் காணும் நிரல், மீட்டவர்வாரியான பிரிவோடு பக்கவகைவாரியான பிரிவும் அதே முன்னொட்டில் சேர்ந்த நாள்முதல் ஒவ்வொரு பக்கத்தையும் இரு முறை எண்ணத் தொடங்கும். இரண்டு வெவ்வேறு அச்சுகளில் பிரிக்கும் எண்ணிகளுக்கு ஒரே முன்னொட்டைத் தராதீர்கள். மெமரி.ஸ்டாட்டில் புதிய வரிகள் இடையிலும் வரலாம், வரிசையை நம்பாமல் பெயரைக் கொண்டே தேடுங்கள் என்று சிகுரூப் ஆவணம் வெளிப்படையாக எச்சரிப்பதைப் போல நீங்களும் எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: எண்ணுவதற்கான செலவு

நினைவகம் இல்லாமல் தவிக்கும் நேரத்தில்தான் இந்த எண்ணிகள் மிகுதியாக உயரும். அப்போது பூட்டுக்காகக் காத்திருக்கும் எண்ணி நோயை அதிகப்படுத்தும். விஎம்ஸ்டாட்டின் நிகழ்வு எண்ணிகள் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக இருக்கின்றன. படிக்கும்போது மட்டும் அவை கூட்டப்படுகின்றன. முக்கியமான எந்தக் கெர்னல் முடிவும் இவற்றின் மதிப்பைச் சார்ந்திருக்கக் கூடாது என்று மூல நிரலின் குறிப்பே சொல்கிறது. சிறு பிழைக்கு இடம்கொடுத்துத்தான் இந்த வேகம் கிடைக்கிறது.

குழுக்களில் நிலைமை சிக்கலானது. ஆயிரக்கணக்கான குழுக்களும் நூற்றுக்கணக்கான சிபியுக்களும் உள்ள இடத்தில், மெமரி.ஸ்டாட்டை ஒருமுறை படிப்பதே கிளைகள் அனைத்தையும் கூட்டும் வேலையாகிறது. மாற்றங்கள் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் படிக்கும்போது கூட்டுவது, அதோடு 2 விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் கூட்டுவது என்ற ஏற்பாட்டைக் கெர்னல் மேற்கொண்டது. ஆகவே படிக்கும் எண் சற்றுப் பழையதாக இருக்கலாம். அந்தப் பழமையின் எல்லையைச் சொல்லிவிடுவது எண்ணைத் தருவதைப் போலவே கடமை.

எட்டாம் படி: நிரலில் சேர்த்தல், சோதித்தல்

இது சுருக்கமான வேலை. விஎம் நிகழ்வுகளின் ஈனம் (enum) பட்டியலில் புதிய பெயரைச் சேர்த்து, விஎம்ஸ்டாட்டின் உரைப் பட்டியலில் அதே இடத்தில் பெயரை எழுதி, மீட்புப் பாதையில் எண்ணும் அழைப்பை வைத்து, மெம்சிஜி (சிகுரூப் நினைவக) பட்டியலிலும் சிகுரூப் ஆவணத்திலும் பதிந்தால் முடிந்தது. வரிசையை மட்டும் வைத்துப் பெயரைப் பொருத்தும் பதிப்புகளில் இரு பட்டியல்களின் வரிசை பிசகினால் ஒரு பெயருக்கு அடுத்ததன் மதிப்பு அச்சாகும். நீளம் சமமாக இருக்கும்வரை கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாது.

சோதனைக்கு, நினைவக வரம்பான மெமரி.மேக்ஸ் மதிப்பைச் சிறிதாக வைத்த ஒரு குழுவுக்குள், அதைவிடப் பெரிய கோப்பை இரண்டு முறை முழுவதும் படியுங்கள். குழுவின் பிஜிஸ்கேன், பிஜிஸ்டீல் உயர வேண்டும். இரண்டாம் முறையில் ரீஃபால்ட்_ஃபைல் உயர வேண்டும். கேஸ்வாப்டியின் எண்ணிகள் பெரும்பாலும் அசையாதிருக்க வேண்டும். பிறகு மெமரி.ரீக்ளெய்ம் வழியாக மீட்டு, அந்த உயர்வு உரிய எண்ணியில் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். சோதனை நடுவே ஒரு சிபியுவை ஆஃப்லைன் செய்து, மொத்தம் குறையவில்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

ஒன்பதாம் படி: நீக்கும் நாளுக்கும் வழி செய்யுங்கள்

பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்ற விதி புள்ளிவிவரக் கோப்புகளுக்கு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்பதில் பராமரிப்பாளர்களிடையே எப்போதும் ஒரே கருத்து இருந்ததில்லை. மேலே கண்ட மறைந்த வரிகளே அதற்குச் சாட்சி. பாதுகாப்பான வழி, எண்ணும் நிரலை நீக்கினாலும் வரியை விட்டுவைப்பதே. என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறையில் சர்வரில் இன்னும் நிலைபெறாத பக்கங்களை எண்ணிய என்ஆர்_அன்ஸ்டேபிள் 5.8-இல் பொருளற்றதாகி எண்ணப்படாமல் போனது. அதன்பின் விஎம்ஸ்டாட்டின் இறுதியில், அந்தப் பெயரையும் அருகே ஒரு சுழியத்தையும் அச்சிடும் ஒற்றை வரி நிரல் சேர்க்கப்பட்டது. அந்த வரியைத் தேடும் பழைய கருவிகள் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஓடுகின்றன.